நினைவை மட்டும் கடையில் வாங்கிய வீடு

கணினி அமைப்பு பற்றிய பாடநூல்களில் பல, கட்டி முடித்த வீட்டைச் சுற்றிக் காட்டுபவை. இது சிபியு, இது பஸ், இது கேஷ். நம்ம ஊர் பொறியியல் கல்லூரிகளில் இந்தப் பாடம் படித்தவர்களுக்குத் தெரியும்: படம் வரைந்து, பாகம் குறித்து, நாலு பக்கம் நிரப்பினால் மார்க் வந்துவிடும்.

நோம் நிசானும் ஷிமோன் ஷோக்கனும் எழுதி 2005இல் எம்ஐடி பிரஸ் வெளியிட்ட ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ்’ வேறு ரகம். இஸ்ரேலியப் பல்கலைக்கழக வகுப்புகளில் உருவாகி, ‘நேன்ட் டு டெட்ரிஸ்’ என்று பெயர்பெற்ற பாடத்தின் நூல் இது. கையில் ஒரேயொரு செங்கல்லைக் கொடுத்து, வீட்டை நீயே கட்டிக்கோ என்கிறது.

அந்தச் செங்கல்தான் நேன்ட் கேட். இரண்டு உள்ளீடுகள், ஒரு வெளியீடு. உள்ளீடுகள் இரண்டும் 1 என்றால் விடை 0. மற்றபடி எப்போதும் 1. அவ்வளவுதான். இரண்டு உள்ளீட்டிலும் ஒரே கம்பியைச் செருகினால் ‘நாட்’ கேட் ஆகிறது. அதை இன்னொரு நேன்டின் பின்னால் வைத்தால் ‘ஆண்ட்’. அங்கிருந்து கூட்டல் சுற்று, ஏஎல்யு, ‘ஹேக்’ என்ற 16 பிட் கணினி, அசெம்ப்ளர், கம்பைலர், சின்னதாக ஓர் இயங்குதளம் என்று 12 செயல்திட்டங்களில் ஏறிப் போகிறோம். நேற்று கட்டியதன் மேல்தான் இன்று நிற்க முடியும். இப்படி இறுக்கமான கட்டமைப்பு நாவல்களிலேயே அபூர்வம்.

ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு விரிசல். நினைவகம் கட்ட வேண்டிய இடத்தில் ‘டி ஃப்ளிப்-ஃப்ளாப்’ என்ற பாகத்தை ஆசிரியர்கள் ரெடிமேடாகத் தந்துவிடுகிறார்கள். இதையும் நேன்டிலிருந்து கட்டலாம், இங்கே கட்டப்போவதில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். நேர்மைதான். ஆனாலும் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

ஏனென்றால் அதுவரை கட்டிய சுற்றுகள் அனைத்தும் நிகழ்காலத்தில் மட்டுமே வாழ்பவை. காலிங் பெல் மாதிரி: அழுத்தினால் அடிக்கும், விட்டால் நிற்கும். இப்போது இரண்டு நேன்ட் கேட்களை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீடாகக் குறுக்காக இணையுங்கள். வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளிலும் 1 வையுங்கள். ஒரு கம்பியை மட்டும் ஒரு கணம் 0 ஆக்கிவிட்டு, மறுபடி 1க்குக் கொண்டுவாருங்கள். கையை எடுத்த பிறகும் சுற்று பழைய இடத்துக்குத் திரும்பாது. எந்தக் கம்பியைத் தொட்டீர்கள் என்பதை வைத்துக்கொண்டிருக்கும். உள்ளீடு இரண்டும் 1தான்; விடையோ 0 அல்லது 1, முன்பு நடந்ததைப் பொறுத்து. முதல் அத்தியாயம் நம்பச் சொன்ன உண்மை அட்டவணையில் இதற்கு இடமே இல்லை. ‘முன்பு’ என்ற சொல் இயந்திரத்துக்குள் நுழைவது இங்கேதான். எக்கிள்ஸும் ஜோர்டனும் 1918இல் இரண்டு வெற்றிடக் குழாய்களைக் குறுக்கே இணைத்துச் செய்ததும் இதே வித்தைதான்.

ஆசிரியர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இப்படித் தன்னையே சுற்றிவரும் கம்பியை அவர்களுடைய எளிய சிமுலேட்டர் ஏற்காது. மேலும், கம்பிகள் இரண்டையும் 0 ஆக்கி, ஒரே நேரத்தில் 1க்குக் கொண்டுவந்தால் சுற்று எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. ஆரம்ப மாணவரை இதில் இறக்கிவிட்டால் பாதி வகுப்பு காணாமல் போகும். சரி. செயல்திட்டம் வேண்டாம், ஒரு படமும் ஒரு பக்க விளக்கமும் போதுமே. கூட்டல் சுற்றை நாமே கட்டிப் புரிந்துகொள்ள வேண்டும், நினைவை மட்டும் நம்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால், படம் வரைந்து மார்க் வாங்கிய பழைய வகுப்பறை அந்த ஓர் இடத்தில் எட்டிப் பார்க்கிறது.

ஹேக்கில் கேஷ் கிடையாது, பைப்லைன் கிடையாது என்பதெல்லாம் எனக்குக் குறையே இல்லை. அவற்றுக்கு பேட்டர்சன், ஹென்னஸி எழுதிய தடித்த நூல் இருக்கிறது. இந்தத் துறைக்குள் நுழைய இன்றைக்கும் இந்தப் புத்தகத்தைத்தான் சொல்வேன். மூன்றாம் அத்தியாயத்துக்கு முன்னால் மட்டும் ஒரு காகிதத்தில் இரண்டு நேன்ட் வரைந்து, கம்பிகளைக் குறுக்கே இழுத்து, 0, 1 போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அதன் பிறகு அந்த ஃப்ளிப்-ஃப்ளாப்பும் நீங்கள் கட்டிய வீட்டில் சேரும்.