திரையில் பாடுவோரும் திரைமுன் இருப்போரும்

இசைப்படம் ஒன்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடியவரைப் பற்றியே எழுதுவர். பார்த்தவரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் கலை படைத்தவனோடு முடிந்துவிடுவதன்று. அதனை ஏற்போரின் உள்ளத்திலேதான் அதன் சமூக வாழ்வு தொடங்குகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் எழுந்த றொக் இசையின் முன்னணிக் குழுவான 'லினேர்ட் ஸ்கினேர்ட்' பற்றி 1996இல் வெளிவந்த 'ஃப்ரீபேர்ட்' படமும், இரசிகர்கள் அதனை ஏற்கும் விதங்களும் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுகின்றன.

இக்குழுவினர் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்து உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள். பாடகர் றொனி வான் ஸான்ற் ஒரு லொறிச் சாரதியின் மகன். படத்தின் பெரும்பகுதி, 1976 ஓகஸ்டில் இங்கிலாந்தின் நெப்வேர்த் திடலில் அவர்கள் நிகழ்த்திய கச்சேரியாகும். றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரைக் காணத் திரண்ட பெருங்கூட்டம் இவர்களின் கித்தார் இசையில் தன்னை மறந்து நிற்பதைத் திரையிற் காண்கிறோம். பதினான்கு மாதங்களின் பின், 1977 ஒக்டோபர் 20ஆம் நாள், அவர்கள் சென்ற விமானம் எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பிக் காட்டில் வீழ்ந்தது. வான் ஸான்ற், கித்தார்க் கலைஞர் ஸ்ரீவ் கெய்ன்ஸ், அவர் தமக்கையான பாடகி கஸி கெய்ன்ஸ் உட்பட அறுவர் மாண்டனர்.

எனவே கண்ணீரே முதல் எதிர்வினையாகிறது. பார்ப்பவர் அறிந்ததைப் பாடுபவர் அறியார், அத்துயரம் போலியன்று. எமது நெஞ்சும் கலங்கியது என்பதை மறைத்துத் திறனாய்வு செய்தல் நேர்மையாகாது.

ஆனால் கண்ணீரோடு இன்னொன்றும் கலந்துவிடுகிறது. 1861 முதல் 1865 வரை அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடி இக்குழுவின் மேடைத்திரையாக நெடுங்காலம் தொங்கியது. இரசிகருட் பலர் அதனைத் தம் மண்ணின் பெருமையெனக் கொண்டாடுகின்றனர். வேறு சிலர் கொடியைக் கண்டதும் இசையையே வெறுத்தொதுக்குகின்றனர். மூன்றாம் சாரார், "இசையை இசையாகக் கேளுங்கள், அரசியல் எதற்கு?" என்கின்றனர்.

மூன்றாம் சாராருக்கே முதலில் விடையிறுக்க வேண்டும். அரசியலை மேடைக்குக் கொணர்ந்தவர் பார்வையாளர் அல்லர். நிறவேற்றுமையின் காவலரான ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் 1963இல் அலபாமாச் சட்டமன்றக் கட்டடத்தின் மேல் அக்கொடியை ஏற்றினார். ஏறத்தாழப் பத்தாண்டின் பின் அதனையே விற்பனைக்குரிய அடையாளமாக்கியது இசைத்தட்டு நிறுவனத்தின் விளம்பர உத்தி என்று குழுவினரே பின்னர் கூறினர். விளம்பரம் விதைத்ததை வெறி அறுவடை செய்தது. 2012இல் குழுவின் கித்தார்க் கலைஞர் காரி றொசிங்ரன் கொடியைக் கைவிடப்போவதாக அறிவித்தபோது இரசிகர் பலர் கொதித்தெழுந்தனர். சில நாட்களுள் அவர் தம் சொல்லை மீட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் இரசிகருக்கு விற்கப்பட்ட கொடியை, பின்னர் இரசிகரே கலைஞனின் கையில் திணித்தனர்.

அவ்விரசிகரை வெறும் மூடர் எனத் தள்ளிவிடுவதும் எமக்கு உடன்பாடன்று. அவர்களுட் பலர் உழைப்பாளர். நகரத்து மேட்டுக்குடியினரின் ஏளனத்துக்கு ஆளானோர். தம்மைப் போன்றோரின் குரலை அவர்கள் இப்பாடல்களிற் கேட்டனர். குரல் அவர்களுடையது, கொடியோ அவர்களுடையதன்று. அது தோட்டப் பிரபுக்களின் கொடி. அப்பிரபுக்களின் நலன் பேண எழுந்த அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்ததோடு, தலைவரி முதலிய தடைகளால் ஏழை வெள்ளையர் பல்லாயிரவரின் வாக்கையும் பறித்தது. தன் பாட்டன் வாக்கைப் பறித்தவரின் கொடியைப் பேரன் பெருமையோடு அசைப்பதே இப்படத்தைச் சூழ்ந்துள்ள பெருந்துயரம்.

இசையோ கொடியை விட உண்மையானது. 1974இல் வெளிவந்த ஒரே இசைத்தட்டில், கறுப்பின முதியவரான கித்தார்க் கலைஞர் ஒருவரைப் போற்றும் பாடலும், கொடி பிடிப்போர் தம் கீதமெனக் கொள்ளும் அலபாமாப் பாடலும் இடம்பெற்றன. அந்த அலபாமாப் பாடலின் பின்னணியில் ஒலிப்பவை மெரி கிளேற்றன், கிளைடி கிங் என்னும் இரு கறுப்பினப் பெண்களின் குரல்கள். அதனைப் பாடத் தாம் முதலில் தயங்கியதைக் கிளேற்றன் பின்னர் வெளிப்படையாகவே கூறியுள்ளார்.

இசையில் மயங்குதல் குற்றமன்று. மயக்கம் தெளிந்தபின்னும் கேளாதிருப்பதே குற்றம். இப்படத்தைக் காணும் மாணவர் அழுக, பாடுக. பின்னர் அதே பாடலை மீண்டுமொருமுறை செவிகொடுத்துக் கேட்கட்டும். கொடி மறைத்த அவ்விரு குரல்களும் அப்போது அவர்களுக்குக் கேட்கும்.