வழியோரத்தில் கிடந்தவனின் குரல்

லூக்கா 10-ஆம் அதிகாரத்திலுள்ள நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆசாரியனின் அலட்சியத்தையும் சமாரியனின் இரக்கத்தையும் விரித்துரைக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனோ கதை முடியுமட்டும் ஒரு வார்த்தையும் பேசுகிறதில்லை. நமது குற்றவியல் சட்டத்திலும் நெடுங்காலமாக அவன் நிலை இதுவே.

அரசியலமைப்பின் 20, 22-ஆம் உறுப்புகள் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் கைதானவருக்கும் காவலாக நிற்கின்றன. அது தகும். ஆனால் குற்றத்துக்கு இரையானவரின் வழக்குரிமைகளை அவ்வாறு எடுத்துரைக்கும் உறுப்பு இல்லை. அவர் அரசுத்தரப்புச் சாட்சி மட்டுமே. இக்குறையை நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979-இல் ரத்தன் சிங் வழக்கில் சுட்டிக்காட்டினார். 1985-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதிக்கப்பட்டோர்க்கான நீதி நெறிகளைப் பிரகடனம் செய்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கே. சொக்கலிங்கம் போன்றோர் இதனைத் தனி ஆய்வுத்துறையாக வளர்த்தனர். 2008-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் இழப்பீட்டுத் திட்டமும், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமையும் வந்தன. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் இவற்றைத் தொடர்கிறது.

இவ்வறிஞர்களின் உழைப்பை நாம் நன்றியோடு மதிக்கிறோம். எனினும் நாம் வாசித்த எழுத்துக்களில் இரண்டு குறைகளைக் காண்கிறோம்.

முதலாவது, பாதிக்கப்பட்டவரின் உரிமை பெரும்பாலும் பணத்தால் அளக்கப்படுகிறது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் ஆதிதிராவிடர் 12 பேர் கொல்லப்பட்டதை மறவாத மாவட்டம் நம்முடையது. இங்கே கண்டமங்கலம் பகுதியில், மகனை இழந்த ஒரு குடும்பத்தோடு நாம் நீதிமன்றத்துக்குச் சென்றதுண்டு. தொகை வந்ததா என்று எல்லாரும் விசாரித்தார்கள். எதிரிகளுக்குப் பிணை கிடைத்த செய்தியையோ அத்தாய் தேநீர்க் கடையில் பிறர் பேசக் கேட்டே அறிந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவின்படி, பிணை விசாரணையைக் குறித்து அவருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். அவர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். பிரிவுக்கு உரை எழுதுவோர், அவ்வறிவிப்பு குடிசை வாசல்வரை வந்ததா என்று கேட்பது அரிது.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நோக்குக. 1992 ஜூனில் நடந்த கொடுமைக்கு 2011-இல் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கக் கட்டளையிட்டது. அத்தொகையைப் பலர் குறிப்பிடுவர். தீர்ப்புக்கு முன் நீதிபதி அவ்வூருக்கே சென்று அம்மக்களைக் கேட்டார் என்பதே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது.

இரண்டாவது, சிலர் பாதிக்கப்பட்டவரின் பெயரால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையைக் குறைக்க முயல்கின்றனர். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளிலிருந்தோரில் ஏறத்தாழ நாலில் மூவர் விசாரணைக் கைதிகள். ஏழைகள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். ஒருவன் வாயை அடைத்து மற்றவனுக்குக் குரல் கொடுப்பது நீதியாகாது.

திருச்சபையும் இக்கண்டனத்துக்குத் தப்பாது. துக்க வீட்டுக்கு அரிசியும் ஜெபமும் கொண்டுபோகிற நாம், அவர்கள் வேண்டுவது என்னவென்று கேட்கிறோமா? எரிகோவுக்குச் சமீபமாய் வழியருகே உட்கார்ந்திருந்த குருடனுக்குத் தேவை இன்னதென்பது யாவருக்கும் தெரிந்ததே. ஆயினும் ஆண்டவர் அவனை அழைத்து, அவன் விரும்புவதை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டார். சட்ட அறிஞர்களும் ஆயர்களும் தொடங்கவேண்டிய இடம் அதுவே.