தியாகச் சிகரம் யாருடைய சிகரம்?

'பொன்னியின் செல்வன்' படித்து முடிச்சவங்ககிட்ட ஐந்தாம் பாகத்தின் முடிவு எப்படின்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் "சட்டுன்னு முடிச்சுட்டார்" என்பார்கள். 91 அத்தியாயம்! மூன்றாம் பாகமும் நாலாம் பாகமும் சேர்ந்தாலே 92 தான். அப்படியும் போதவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் படித்தவர்களுக்கும் இதே குறை இருந்தது. யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்காகக் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதினார்.

எனக்குக் குறை வேறு இடத்தில். தலைப்பில் இருக்கும் தியாகம் அருள்மொழியுடையது. மகுடத்தைத் தானே சூடாமல் சிற்றப்பனுக்குக் கொடுக்கிறான். இதற்குத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஆதாரம் உண்டு. சிற்றப்பன் ஆசைப்படும்வரை தனக்கு நாடு வேண்டாம் என்று அருள்மொழி சொன்னதாக அது பேசுகிறது. கவனிங்க, *ஆசைப்பட்ட* சிற்றப்பன். அப்படிப்பட்ட ஆளுக்கு விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டம். கல்கியோ கடைசி நேரத்தில் ஆளை மாற்றிவிடுகிறார். சதிக்காரர்களோடு சேர்ந்த மதுராந்தகன் நிஜ வாரிசு இல்லை, பூக்கட்டும் சாது சேந்தன் அமுதன்தான் வாரிசு என்கிறார். நல்லவனுக்குக் கொடுப்பது சுலபம். தியாகத்தின் கூர் அங்கேயே மழுங்கிப் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் 2023இல் வந்த மணிரத்னம் படம் செப்பேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதில் மகுடம் மதுராந்தகனுக்கே போகிறது.

ஆனால் அதே படம் மணிமேகலையை அடியோடு விட்டுவிட்டது. அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை.

எங்க சென்னிமலைப் பக்கம் இந்தக் கதை பத்தாவது, பன்னிரண்டாவது லீவில் அக்காவிடமிருந்து தங்கைக்குக் கைமாறும் புஸ்தகம். (கதை நடக்கும் இடம் ஒன்றுகூடக் கொங்கு நாட்டில் இல்லை, அது வேற சண்டை.) எங்க அத்தை அப்படித்தான் கொடுத்தாங்க. கொடுக்கும்போது, "குந்தவையைப் பார்த்து மயங்காத கண்ணு, அந்தக் கடம்பூர்ப் பிள்ளையைப் பாரு"ன்னாங்க.

சம்புவரையர் மகளான அவளை முதலில் வந்தியத்தேவனுக்கு என்று பேசியவன் அண்ணன் கந்தமாறன். அப்புறம் பெரிய இடத்துச் சம்பந்தம் வரும்போல இருந்ததும், அவளை மறந்துவிடு என்று நண்பனிடம் சொல்லிவிட்டான். அவளை யாரும் கேட்கவில்லை. ஆதித்த கரிகாலன் கொலைப்பழி வந்தியத்தேவன் மேல் விழும்போது, கொன்றது நான்தான் என்று சொல்ல அவள் தயாராகிறாள். கடைசியில் புத்தி பேதலித்து அவன் மடியில் உயிர் விடுகிறாள். ஐந்து பாகமும் முடிவது இந்தச் சாவில்தான், பட்டாபிஷேகத்தில் இல்லை.

ஏன் அவள்? குந்தவையும் வந்தியத்தேவனும் தஞ்சைக் கல்வெட்டில் கணவன் மனைவியாக இருப்பவர்கள். கல்கி அவர்களைக் கொல்லவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. அருள்மொழிக்கும் 985இல் அரியணை திரும்பக் கிடைத்துவிடும், அது வாசகருக்கே தெரியும். கல்வெட்டில் இல்லாத, கற்பனைப் பெண்ணான மணிமேகலைக்குத்தான் எதுவும் திரும்பக் கிடைக்காது.

அந்தக் கனத்தைத் தாங்க அவளுக்குப் பக்கங்கள் போதவில்லை என்பதுதான் என் வருத்தம். 91 அத்தியாயத்தில் யானைப்பாகன் வேஷத்துக்கும் வெள்ளத்துக்கும் கிடைத்த இடத்தில் பாதியாவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம். அவள் மனம் உடைவது ரொம்ப வேகமாக நடந்துவிடுகிறது. அப்படியும் அந்தக் கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் என்னால் இன்றுவரை படிக்க முடிந்ததில்லைங்க.