“கடைசியில்” என்னும் சொல்லும் ஆங்கில அடைத்தொடர்களும்

ஆங்கிலம் எழுதும் நம் மாணாக்கர் வினைச்சொல்லிற் பிழைசெய்வாராயின் அஃது உடனே கண்ணிற்படும். அடைத்தொடரிற் செய்யும் பிழையோ இலக்கணம் வழுவாது நின்றே பொருளை மாற்றிவிடும். ஆதலின் அதுவே பெரிதும் ஆராயத்தக்கது.

புசல்லாவையில் என்னிடம் கற்ற மாணவனொருவன், தன் பாட்டனாரின் மறைவை அறிவித்த கடிதத்தில், அவர் “அட் லாஸ்ட்” காலமானார் என்று எழுதினான். “கடைசியில்” என்பதே அவன் கருதியது. ஆனால், நெடுநாள் காத்திருந்த ஒன்று கைகூடியவிடத்தே ஆங்கிலர் அத்தொடரை வழங்குவர். கண்ணீரோடு எழுதிய கடிதம், குடும்பத்தார் அம்மரணத்தை எதிர்பார்த்திருந்தனர் எனப் பொருள்பட்டது.

நிகழ்ச்சிகள் பல கடந்து வந்த முடிவைக் கூறுவது “இன் தி எண்ட்”. தெருவின் கோடியையோ மாதத்தின் இறுதியையோ சுட்டுவது “அட் தி எண்ட்”. அது பெரும்பாலும் “ஆப்” என்பதைத் துணைக்கொண்டு வரும். கருத்துக்களை நிரல்படக் கூறி முடிப்பது “லாஸ்ட்லி”. இவையனைத்திற்கும் தமிழில் “கடைசியில்” என்னும் ஒரு சொல்லே போதும். நம் ஏழாம் வேற்றுமை இடத்தையும் காலத்தையும் ஒருங்கே தாங்கவல்லது. அது தமிழின் குறையன்று; மொழிபெயர்த்தெழுதுவோனுக்கு மாத்திரம் இடறுகல்லாம்.

“ஆன் தி கான்ட்ரரி”, “ஆன் தி அதர் ஹாண்ட்” என்பனவும் இத்தகையனவே. முன்னது, முற்கூற்றை மறுத்து அதன் மறுதலையை நிறுவும். பின்னது, முற்கூற்றையும் உண்மையென ஏற்று வேறொரு பக்கத்தைக் காட்டும். “வழி நெடியது, ஆயினும் அழகியது” என்னுமிடத்துப் பின்னதே பொருந்தும். “வழி நெடியதன்று; மாறாக மிகக் குறுகியது” என்னுமிடத்து முன்னதே பொருந்தும்.

இரண்டிற்கும் “மாறாக” என்றெழுதி அமையும் துணைநூல்களை நான் குறைகூறுவது இதுபற்றியே. சொல்லுக்குச் சொல் நிறுத்தும் பட்டியல் நினைவை வளர்க்கும், வழக்கறிவை வளர்க்காது. முன்னர்ப் பாடசாலையாசிரியராயிருந்த பௌலர், 1926 இல் வெளியிட்ட ஆங்கில வழக்ககராதியில், பிறர் எழுதிய வாக்கியங்களையே எடுத்துவைத்து நன்றுந் தீதும் ஆராய்ந்தார். நாமும் ஒவ்வோரடைத்தொடரையும் முன்பின் வாக்கியங்களோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கிற்று. இணைக்க வந்த மொழி எழுதியவன் கருத்தையே திரித்துவிடுமாயின், அவ்விணைப்பாற் பயனென்னை?