கானாவூர் வரையேனும்

தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' உலக இலக்கியத்தின் சிகரமெனப் போற்றப்படுகிறது. ஆயினும் அதைப் பாதியில் மூடிவைப்போர் பலர். அவர்கள்மேல் குறைகாண்பது முறையன்று. 1879, 1880 ஆண்டுகளில் மாத இதழில் தொடராக வெளிவந்த நாவல் அது. ஒருவருக்கே பல பெயர்கள். பக்கம் பக்கமாக உரையாடல்கள்.

கத்தோலிக்க வாசகருக்கு வேறோர் இடறலும் உண்டு. பன்னிரண்டு பகுதிகளுள் ஐந்தாவதில், இறைமறுப்பில் உழலும் இவான் தன் தம்பி அல்யோஷாவுக்கு ஒரு கதை சொல்கிறான். செவில் நகருக்கு மீண்டும் வரும் இயேசுவை முதிய கர்தினால் ஒருவர் சிறையிலடைத்து, "மக்களுக்கு உம் விடுதலை வேண்டாம்" என்ற பொருளில் வாதிடுகிறார். இயேசுவோ மௌனமாக அவரை முத்தமிடுகிறார். இக்கதைவழி நம் திருச்சபைமீது சுமத்தப்படும் பழி ஒருதலைப்பட்சமானது. ஏழைகளுக்காகத் தம்மையே கரைத்துக்கொண்ட புனிதர்களை அது காணவில்லை. நூலை மூடிவிடத் தோன்றுவது இயல்பே.

ஆனால் அங்கே மூடுபவர் குற்றச்சாட்டை மட்டுமே சுமந்து செல்வார். விடை பின்னர் வருகிறது. ஆறாம் பகுதியில் துறவி சோசிமாவின் வாழ்வும் போதனையும். ஏழாம் பகுதியில், இறந்த துறவியின் உடலருகே கானாவூர்த் திருமண நற்செய்தி வாசிக்கப்படுகையில் அல்யோஷா காணும் கனவு, பின் வெளியே சென்று மண்ணை முத்தமிட்டு அவன் சிந்தும் கண்ணீர். வாதத்துக்கு ஆசிரியர் வாழ்வையே விடையாக வைக்கிறார்.

இந்நூல் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. தீர்ப்பிடுமுன் கானாவூர் வரையேனும் செல்வோம். நல்ல இரசம் அங்கே கடைசியில்தான் பரிமாறப்பட்டது.