கையுறை மறுத்தல்

குறுந்தொகையின் முதல் பாட்டை முருகன் துதியாகவே படித்துப் பழகிவிட்டோம். திப்புத்தோளார் எழுதியது, தலைவன் நீட்டும் காந்தளைத் தோழி மறுப்பதை. பாட்டில் 'வேண்டாம்' என்ற சொல்லே இல்லை. மறுப்பு துறைக்குறிப்பில்தான் இருக்கிறது. களம், அம்பு, யானைக்கொம்பு என்று சிவப்பு ஏறிக்கொண்டே போய், கடைசியில் பூவே குருதியாகிறது. அது எங்கள் குன்றில் குலைகுலையாக இருக்கிறது என்கிறாள். அவ்வளவே.

குன்றில்லாத ஆர்.எஸ்.மங்கலத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். நம் புதுக்கவிதைகள் நீட்டும் 'மலர்' எந்தப் பூ? பெயரில்லாததை வாங்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தன் மண்ணில் பூப்பதை அறிந்தவளுக்கே மறுக்கும் உரிமை. விமர்சகனுக்கும் அப்படித்தான். எனக்கு அது உண்டா? இங்குள்ள 48 மடைக் கண்மாய்க்கரையில் பூப்பவற்றைக் கேட்டால் நாலு பெயருக்கு மேல் சொல்லத் தெரியாது.