முன்வரிசை நாற்காலி

எங்க பக்கம் மாரியம்மன் நோம்பிக்குக் கூத்து விட்டா விடிய விடிய நடக்கும். நடுச்சாமம் தாண்டித்தான் கோமாளிக்கு வாய் திறக்கும். ராசா வேசத்தைப் பார்த்து, "ஏனுங்க ராசா, மழை பேஞ்சு மூணு வருசமாச்சு, வரி மட்டும் மாசாமாசம் பேயுதே?" என்பான். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்க்கவுண்டர்தான் முதலில் சிரிப்பார். பத்து ரூபாய் அன்பளிப்பு கொடுப்பார். மைக்கில் அவர் பேர் வரும். பகடி அவருக்கே மாலையாகிவிடும்.

ஒரு வருசம் கோமாளி கட்டினவர் நம்ம வளவு ஆள். "ராசா, உங்க நாட்டு டீக்கடையில எனக்கு மட்டும் ஏனுங்க கொட்டாங்குச்சி?" என்று கேட்டுவிட்டார். வளவுச்சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசை சிரிக்கவில்லை. அடுத்த நோம்பிக்கு அந்தச் செட்டுக்கு வெத்தலை பாக்கு வைக்கவில்லை. அடி இல்லை, வசவு இல்லை. கூத்தாடி வாயை மூட அது போதும்.

அரசியல்வாதிகள் ராத்திரிநேரப் பகடி நிகழ்ச்சிகளுக்கு விருந்தாளியாகப் போவதை ஜனநாயகத்தின் அழகு என்று மெச்சுகிறார்கள். எனக்கு அந்த முன்வரிசைதான் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் 2016 செப்டம்பரில் ஜிம்மி ஃபாலன் தன் நிகழ்ச்சிக்கு வந்த வேட்பாளர் டிரம்பின் தலைமுடியைக் கலைத்து விளையாடினார். குடியேறிகளைப் பழித்துப் பேசியவர் அந்த ஒரு ராத்திரியில் செல்லப்பிள்ளை ஆனார். அதற்காக ஃபாலனே பின்னால் வருத்தப்பட்டார். 2025 செப்டம்பரில் இன்னொரு பகடிக்காரர் ஜிம்மி கிம்மெலின் நிகழ்ச்சி, அரசின் தகவல்தொடர்பு ஆணையத் தலைவர் மிரட்டிய பிறகு, சில நாள் நிறுத்தப்பட்டது. குடியரசுத் தலைவர் டிரம்ப் அதைக் கொண்டாடினார். நாற்காலி போட்டால் சிரிப்பார்கள், போடாவிட்டால் மேடையையே பிடுங்குவார்கள்.

நம்ம ஊரில் கதை இன்னும் மோசம். ஜெயா, கலைஞர், மக்கள் என்று கட்சிகளே அலைவரிசை நடத்திய நாடு இது. வீட்டுக்காரரையே விருந்தாளியாக்கி யார் கிண்டல் பண்ணுவது? கிண்டலெல்லாம் எதிர்வீட்டுக்காரருக்குத்தான். மிச்ச நேரத்துச் சிரிப்புக்குக் கறுத்த தோலும் பட்டிக்காட்டுப் பேச்சும் இருக்கவே இருக்கிறது. அதாவது, நாம்.

நாற்காலி போடாமல் ஒரு கேலி நடந்தது. 2022 சனவரி 15ஆம் தேதி ஜீ தமிழில், 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில், இரண்டு சிறுவர்கள் ராசாவும் மந்திரியுமாக வந்தார்கள். கறுப்புப் பணத்தை ஒழிக்கிறேன் என்று நோட்டைச் செல்லாததாக்கிய ராசா, ஊர் ஊராகச் சுற்றும் ராசா. அசல் கோமாளிப் பேச்சு அது. பிரதமரை அவமதித்துவிட்டதாக பா.ஜ.க.வினர் புகார் கொடுத்தார்கள். ஏழு நாளில் விளக்கம் கேட்டு ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. புள்ளைங்க விளையாட்டுக்கு நோட்டீசு!

அந்த அமைச்சகத்தில் அப்போது இணையமைச்சர் எல். முருகன். நாமக்கல் மாவட்டம் கோனூர்க்காரர், அருந்ததியர். 2021 சூலையில் அவர் பதவியேற்றபோது, பெற்றோர் இன்னும் காட்டுவேலை செய்கிறார்கள் என்ற செய்தியை நம் வளவுகளில் பெருமையோடு பேசினோம். அந்தப் பெருமை பொய்யில்லை. முன்வரிசையில் நம்ம ஆளும் உட்கார வேணும் என்பதை நாம் விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஆனால் கொட்டாங்குச்சியைப் பற்றிக் கேட்ட கோமாளியும் நம்ம ஆள்தானே? நாற்காலியில் ஆள் மாறினால் மட்டும் அவன் வாய்க்குக் காவல் வந்துவிடாது என்பதைத்தான் அந்த நோட்டீஸ் நமக்குச் சொன்னது.

ஆகவே, விருந்தாளி சிரித்தாரா என்று பார்த்துப் பகடியை அளக்காதீர்கள். அடுத்த நோம்பிக்குக் கோமாளிக்கு வெத்தலை வந்ததா என்று கேளுங்கள்.